அப்பா என் விருந்தினராக வந்த நாள்

விருந்தினர் ஒருவர் உள்ளே நுழைந்ததும் நான் செய்யும் முதல் வேலை, அவர் கழற்றிப் போட்ட செருப்பை எடுத்து வாசலைப் பார்க்கத் திருப்பி வைப்பது. வந்த ஆள் இன்னும் மூச்சுகூட வாங்கியிருக்க மாட்டார். அதற்குள் அவருடைய செருப்பு கிளம்பத் தயாராக நிற்கும். விருத்தாசலத்தில் இப்படிச் செய்தால் ‘எப்போது கிளம்புகிறாய்’ என்று கேட்டதாகத்தான் அர்த்தம். அந்த வீட்டிலிருந்து அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது. இங்கே அதுதான் உபசாரம். போகும்போது திரும்பி நின்று அவஸ்தைப்படாமல் நேராகக் காலை நுழைத்துக்கொள்ளலாம் அல்லவா. நான்கு வருடமாகத் திருப்பி வைக்கிறேன். இன்றைக்கும் ஒவ்வொரு ஜோடியைத் தொடும்போதும், வந்தவர்களைத் துரத்துகிறோமோ என்று உள்ளே ஒரு சின்னக் குறுகுறுப்பு ஓடத்தான் செய்கிறது.

நான் வேலை பார்ப்பது ஒரு ரியோகானில். ஜப்பானியர்களின் பழைய பாணித் தங்கும் விடுதிக்கு அப்படிப் பெயர். நாகோயாவில் ரயில் ஏறி மலைக்குள் மூன்று மணி நேரம் போனால் வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஒரு பள்ளத்தாக்கு வரும். அங்கே ஆற்றோரமாகப் பன்னிரண்டு அறைகளோடு எங்கள் விடுதி. கட்டில் கிடையாது, நாற்காலி கிடையாது. தரை முழுக்க ததாமி என்கிற தடித்த கோரைப்பாய். அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டு, அதன்மேலேயே மெத்தை விரித்துத் தூங்க வேண்டும். நான் பத்தாவது படிக்கும்போது, பாயில் படுப்பது கௌரவக் குறைச்சல் என்று எங்கள் வீட்டில் இரண்டு இரும்புக் கட்டில் வாங்கினோம். உள்ளே கொண்டுபோகும் முன் அம்மா அவற்றைத் தெருவே பார்க்கும்படி ஒரு மணி நேரம் வாசலில் நிறுத்தி வைத்திருந்தாள். இங்கே டோக்கியோவிலிருந்து பெரிய உத்தியோகக்காரர்கள் மூன்று மாதம் முன்பே இடம் பிடித்து, பாயில் படுக்க வருகிறார்கள். இதை அம்மாவிடம் போனில் சொன்னபோது அவள் நம்பவே இல்லை.

ஒவ்வொரு அறைக்கும் ஒரு பணிப்பெண் உண்டு, நகாய் என்பார்கள். வந்தவரை அறைக்கு அழைத்துப்போய்த் தேநீர் கொடுப்பது, இரவுச் சாப்பாட்டைச் சின்னச் சின்னத் தட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்து பரிமாறுவது, படுக்கை விரிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. நான் ஒரு நகாய். ஸ்டெல்லா என்கிற என் பெயர் இவர்கள் வாயில் சுதெரா ஆகி, மரியாதைக்கு ஒரு ‘சான்’ ஒட்டிக்கொண்டு, சுதெரா-சான் ஆகிவிட்டேன். இந்த வேலையில் நடப்பதைவிட மண்டியிடுவது அதிகம். அறை வாசலில் மண்டியிட்டுக் கதவை இழுத்து, இரண்டு உள்ளங்கைகளையும் பாயில் ஊன்றி, நெற்றி பாயில் படுகிற அளவுக்குக் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். முதல் மாதம் எனக்கு அழுகை வந்தது. ஊரில் நான் அப்படிக் குனிந்தது பெரிய வெள்ளியன்று சிலுவைக்கு முன்னால் மட்டும்தான். ஆறேழு மாதத்தில் பழகிவிட்டது. அப்பாவிடம் சொல்லும் தைரியம் மட்டும் வரவில்லை. ‘ஓட்டலில் கஸ்டமர் சர்வீஸ்’ என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் அதை இன்னும் கொஞ்சம் மெருகேற்றி, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வரும்போதெல்லாம், பெண் ஜப்பானில் மேனேஜராக இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊரில் இப்படி ஒரு பதவி உயர்வு தானாக வந்துவிடும். துபாயிலும் தம்மாமிலும் இருந்துகொண்டு இதைப் படிக்கும் அண்ணன்மார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குட்டு ஒரு வீடியோவில் உடைந்தது. விடுதி விளம்பரத்துக்காக எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்ட அரை நிமிடப் படம். கதவு திறக்கிறது, கிமோனோ கட்டிய நான் குனிகிறேன், நெற்றி பாயில் படுகிறது, அவ்வளவுதான். அத்தை மகன் எங்கோ அதைப் பார்த்துவிட்டு, பெருமையாகத்தான், குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரம் என் போனை அம்மா மட்டுமே எடுத்தாள். பிறகு அவள்தான் சொன்னாள், இரண்டு பேரும் என்னைப் பார்க்க வருகிறார்கள் என்று. மங்கலம்பேட்டையில் வளைகுடா போகிறவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கும் பாய் ஒருவரிடம் அப்பா டிக்கெட் எடுத்திருந்தார். ஜப்பானுக்கு என்றதும் அந்த பாய் இரண்டு முறை ஊர்ப் பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டாராம். போனை வைக்கும் முன் அம்மா குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள். வருவதற்கு இரண்டு டிக்கெட், திரும்புவதற்கு மூன்று. வீட்டில் இருந்த என் பாஸ்போர்ட் நகலைக் கொண்டுபோய் எனக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார்.

அதே வாரம்தான் ஒகாமி என்னைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். ஒகாமி என்றால் விடுதியின் முதலாளியம்மா. எழுபத்து நான்கு வயது. எனக்குத் தோள் உயரம்கூட இருக்க மாட்டார். அவர் நடந்து வந்தால் தாழ்வாரத்தில் இருக்கும் எல்லோருக்கும் முதுகு நிமிரும். இருக்கிற நகாய்களுக்கெல்லாம் நீ பொறுப்பாளராக இரு, இன்னும் ஐந்து வருடத்துக்கு விசாவுக்கு எழுதுகிறேன், மாதக் கடைசிக்குள் பதில் சொல் என்றார். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. ஜப்பானியப் பெண்கள் ஐந்து பேர் இருக்கும்போது விருத்தாசலத்துப் பெண்ணைக் கேட்கிறார். இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. நன்றாகச் செய்கிறேன் என்றும் தெரிந்திருந்தது. ஆனால் அப்பா ‘வா’ என்று சொல்லி நான் ‘வரமாட்டேன்’ என்று சொன்னதாகச் சரித்திரமே இல்லை.

அப்பா அம்மா வரும் நாட்களில் எனக்கு விடுப்பு வேண்டும், நாகோயாவிலேயே ஓர் அறை எடுத்து அவர்களோடு இருந்துகொள்கிறேன் என்று ஒகாமியிடம் கேட்டேன். அவருக்குக் கண் பெரிதாகிவிட்டது. எதற்கு நாகோயா, இங்கேயே ஆற்றைப் பார்த்த அறையில் என் விருந்தினராகத் தங்கட்டும், நீயே அவர்களுக்கு நகாய் என்று சொல்லிவிட்டார். அவரைப் பொறுத்தவரை, ஒரு மகள் தன் வேலையைப் பெற்றவர்களுக்குச் செய்து காட்டுவதைவிடப் பெரிய மரியாதை இல்லை. எதை அப்பா பார்த்துவிடக் கூடாது என்று நான் நான்கு வருடம் ஒளித்தேனோ, அதை அவர் கண்முன்னாலேயே செய்யச் சொல்கிறார். இந்த ஊரில் ‘வேண்டாம்’ என்பதை நேராகச் சொல்வது அழகில்லை, அதனால் சுற்றி வளைத்துச் சொன்னேன். சுற்றி வளைத்ததை அவர் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை நாகோயா விமான நிலையத்தில் போய் அழைத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக மூன்று நாள் போதும் என்பது அப்பாவின் கணக்கு. ரயிலில் அம்மா பேசிக்கொண்டே வந்தாள், அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். விடுதிக்கு வந்ததும் ஒரு கூத்து நடந்தது. இவ்வளவு தூரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்களை முன்வாசலில் நிறுத்திவிட்டு, நான் பின்வாசல் வழியாக ஓடிப்போய்க் கிமோனோ மாற்றிக்கொண்டு, மறுபடி முன்வாசலுக்கு வந்து, அப்போதுதான் பார்ப்பது போல ‘வாருங்கள், தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள்’ என்று ஜப்பானிய மொழியில் சொன்னேன். பக்கத்தில் ஒகாமி நிற்கிறார், வேறு என்ன செய்வது? அம்மாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அப்பா கழற்றிய செருப்பை நான் எடுக்கக் குனிந்தேன். “அத தொடாத” என்றார் அப்பா. வந்ததிலிருந்து என்னிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அறைக்குள் நுழைந்ததும் அம்மா சுற்றும் முற்றும் பார்த்தாள். அவள் பிறந்தது கருவேப்பிலங்குறிச்சியில். கல்யாணமாகி வரும்வரை கட்டிலில் படுத்ததே இல்லை. “ஏன்டி, நம்ம பழைய வூடு மாதிரியே இருக்குது. இதுக்கா ஏரோப்ளேன் ஏறி வந்தோம்?” என்றாள். சுவரில் ஒரு மாடம் போல உள்வாங்கிய இடம் ஒன்று உண்டு. அழகுக்காக ஒரு சித்திரமும் ஒரு பூவும் மட்டும் வைப்பார்கள், விருந்தினர் அங்கே எதையும் வைக்கக் கூடாது. அம்மா கைப்பையிலிருந்து மாதா படத்தை எடுத்து நேராக அங்கே கொண்டுபோய் வைத்து, சிலுவை போட்டுக்கொண்டாள். இடம் சரியாகத்தான் இருந்தது. பிறகு வாசலுக்குப் போய் மண்டியிட்டேன். ஒகாமி பின்னால் நின்றார். உள்ளங்கைகளை ஊன்றி, நெற்றி பாயில் படக் குனிந்தேன். அம்மா பழக்கதோஷத்தில் ‘நல்லா இரும்மா’ என்றாள். நான் நிமிர்ந்தபோது அப்பா முகத்தை ஆற்றுப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். ஒகாமி போனதும் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த டிக்கெட் தாளை எடுத்து, நான் வைத்த தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். “ஞாயித்துக்கெழம மூணு பேரும் கெளம்புறோம். துணிமணிய எடுத்து வெய்யி” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. கெஞ்சுவது போல இருந்தது.

அவருக்கு ஏன் அப்படி வலித்தது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அப்பா செராமிக் கம்பெனி ஒன்றில் தரம் பிரிப்பவர். சூளையிலிருந்து வரும் ஜாடி, கோப்பை, தட்டு ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டிக் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக் கேட்பார். கணீரென்றால் வலப்பக்கம், மொத்தையாகச் சத்தம் வந்தால் உள்ளே கீறல், கவிழ்த்து இடப்பக்கம். எனக்கு ஒன்பது வயதிருக்கும். பள்ளி விடுமுறையில் அவருக்கு மதியச் சோறு கொண்டுபோனேன். கேட் இடுக்கில் பார்த்தால் முதலாளி கையில் ஓர் ஊறுகாய் ஜாடி. கீறல் விழுந்த ஜாடிகள் எப்படியோ வெளியூர் வியாபாரிக்குப் போய்த் திரும்பி வந்திருந்தன. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்க அவர் காலில் விழுந்தார். முதலாளி உடனே எழுந்திருக்கச் சொல்லவில்லை. நான் கேட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, கொஞ்ச நேரம் கழித்து அப்போதுதான் வந்தது போலக் கூப்பிட்டேன். அப்பா வந்து, மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டு, குழம்பில் உப்பு பத்தவில்லை என்று சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதைப்பற்றி ஒரு பேச்சு எழுந்ததே இல்லை.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். எல்லோரும் உடையில்லாமல் ஒன்றாக இறங்கும் பொதுக் குளியலறையில் அப்பாவுக்கு நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. இதை யாராவது அவருக்குப் படித்துக் காட்டினால் எனக்குச் சோறு கிடைக்காது. அம்மா யுகாதா என்கிற விடுதி உடையைப் புடவைக்கு மேலேயே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பச்சை மீன் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்ததும், மீனைக் கழுவி வைத்துவிட்டுக் குழம்பு வைக்க மறந்துவிட்டார்களா என்று உண்மையான அக்கறையோடு கேட்டாள். பிறகு பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்து ஆளுக்கு ஒரு கரண்டி வைத்தாள். அப்பாவோ சாப்பாட்டைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு வகைக்கும் ஒரு பீங்கான், ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒரு வடிவம். பீங்கானைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டில்கூடக் காபிக் கோப்பையைச் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். ஒவ்வொன்றாக எடுத்துச் சுண்டினார். கணீர், கணீர். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது. நானும் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அப்போது ஒரு சின்ன நீலத் தட்டு, உப்பில் ஊறிய காய்கறி வைத்தது, மொத்தையாகச் சத்தம் கொடுத்தது. அப்பா இன்னொரு தடவை சுண்டினார். அதிலிருந்த காயைக் கையால் எடுத்து வேறு தட்டில் போட்டார். நீலத் தட்டைக் கவிழ்த்துத் தன் இடப்பக்கம் பாயில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். பாதி நினைவுகூட இல்லாமல் கை தானாகச் செய்த வேலை.

‘விடுப்பா, எடுத்து மேலே வைப்பா’ என்று நான் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒகாமி ஒவ்வோர் அறைக்கும் வந்து விருந்தினரை விசாரித்துவிட்டுப் போவது வழக்கம். குனிந்து வணக்கம் சொல்லி நிமிர்ந்தவர் கண்ணில் முதலில் பட்டதே அந்தக் கவிழ்ந்த தட்டுதான். இந்த விடுதியின் சரித்திரத்தில் யாரும் தட்டைக் கவிழ்த்துப் பாயில் வைத்திருக்க மாட்டார்கள். சாப்பாடு அவ்வளவு பிடிக்கவில்லையா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். எனக்கு வேறு வழியில்லை. அப்பாவின் தொழிலையும், கவிழ்த்து வைத்தால் என்ன அர்த்தம் என்பதையும் சொன்னேன். ஒகாமி நகர்ந்து வந்து தட்டைக் கையில் எடுத்தார். காதோடு வைத்து நகத்தால் சுண்டினார். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மயிரிழை போல ஒரு கீறல் இருந்தது. தட்டை ஓரமாக வைத்துவிட்டு, சற்றுப் பின்னால் தள்ளிப்போய், இரண்டு கைகளையும் ஊன்றி, நெற்றியைப் பாயில் வைத்தார். இது உங்கள் விரலைக் கிழித்திருக்கும், இது எங்கள் வீட்டுக்கு அவமானம், மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அப்படியே இருந்தார்.

நான் மொழிபெயர்த்தேன். அப்பா பாதி எழுந்துவிட்டார். “இவங்க மொதலாளி தான? எழுந்திரிக்கச் சொல்லு, ஸ்டெல்லா. சீக்கிரம் சொல்லு” என்றார். நீங்கள் ஏதாவது சொன்னால்தான் எழுந்திருப்பார் என்றேன். என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. காலில் விழுந்தவரைச் சும்மா அனுப்பக் கூடாது என்பது மட்டும் தெரியும். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் குனிந்தால் பெரியவர்கள் நெற்றியில் சிலுவை போட்டுத்தான் எழுப்புவார்கள். நான் தடுப்பதற்குள் அப்பா மண்டியிட்டு, ஒகாமியின் தோளை மெதுவாகத் தொட்டு நிமிர்த்தி, வலது கட்டைவிரலால் அவருடைய நெற்றியில் சிலுவை வரைந்தார். இந்த ஊரில் கை குலுக்குவதே அதிகம். ஒகாமியின் நெற்றியை யாராவது தொட்டிருப்பார்களா?

ஒகாமி கண்ணைச் சிமிட்டாமல் அப்பாவைப் பார்த்தார். பிறகு இது என்ன என்று என்னைக் கேட்டார். எங்கள் ஊரில் பிள்ளைகளைப் பெரியவர்கள் இப்படித்தான் ஆசீர்வதிப்பார்கள், சென்னை விமான நிலையத்தில் என்னை அனுப்பும்போதும் இவர் இப்படித்தான் வரைந்தார் என்றேன். ஒகாமி கொஞ்சம் யோசித்தார். இவருக்கு என் கடைசித் தம்பியின் வயதுதான் இருக்கும், இருந்தாலும் பரவாயில்லை என்றார். எழுந்து போகும்போது, தட்டுகளை அடுக்கியவர் சமையற்காரர், அவருக்கும் ஒன்று வேண்டும், அனுப்புகிறேன் என்றார். கேலியா நிஜமா என்று எனக்குப் புரியவில்லை. நிஜம்தான். ஐந்து நிமிடத்தில் எங்கள் சமையற்காரர், ஆறடி உயரமும் மொட்டைத் தலையுமாக வந்து வாசலில் மண்டியிட்டார். அப்பாவுக்குள் அதற்குள் ஒரு பங்குச்சாமியாரின் தோரணை வந்துவிட்டிருந்தது. தயங்காமல் அவருக்கும் போட்டுவிட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

கதவு மூடியது. அப்பா உட்கார்ந்து, கீறல் விழுந்த தட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

“கீறல் உட்டதுக்கு மொதலாளி குனியுறாங்க” என்றார்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“அன்னைக்கு நீ சோறு எடுத்தாந்த. பாத்தியா?”

“பாத்தேன்பா.”

அம்மாவின் கை தட்டிலேயே நின்றது. அவளுக்கு எதுவும் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இருபது வருடமாக மூன்று பேர் இருக்கும் வீட்டில் இரண்டு பேர் ஒன்றையே தனித்தனியாக மறைத்து வைத்திருக்கிறோம். அந்த வீடியோவைப் பார்த்த அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை என்று அப்பா சொன்னார். தன் பெண்ணும் யாரோ ஒருவன் காலடியில் கிடக்கிறாள் என்று நினைத்தாராம். நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே சொன்னேன்.

“இங்க யாரும் என்ன குனிய வெக்கலப்பா. எல்லாரும் குனியுறோம். அவங்களும்தான்.”

அப்பா ஆறிப்போன சோற்றை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். முழுக்கச் சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, மடித்த டிக்கெட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“ஒன்னோடத பாய்கிட்ட போன் பண்ணி கேன்சல் பண்ணச் சொல்லிடுறேன். வருஷத்துக்கு ஒரு தரம் வூட்டுக்கு வந்துடணும்” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “செருப்ப மட்டும் தொடாதம்மா” என்றார்.

அது என் வேலை, அதை மட்டும் விட முடியாது என்று சொன்னேன். வாழ்க்கையில் அவரிடம் நான் சொன்ன முதல் ‘முடியாது’ அதுதான். அப்படியென்றால் என் செருப்பையாவது தொடாதே என்று அவர் இறங்கி வந்தார். சரி என்றேன். கேட்டது கிடைத்துவிட்டது, துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடக்கும்போது, உள்ளே ஓர் ஓரத்தில், அவர் பிடிவாதம் பிடித்து என்னை இழுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்றும் இருந்தது. இனி நான் இங்கே இருப்பதற்கும் அவரைக் காரணம் சொல்ல முடியாது, ஊருக்குப் போவதற்கும் முடியாது. புலம்பெயர்ந்தவர்கள் இதைப் படித்தால் புரிந்துகொள்வார்கள். ஊரில் இருப்பவர்கள் இவளுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்பார்கள். எனக்கும் சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அப்பாவைக் காணோம். தேடினால், பாத்திர அறையில் ஒகாமியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஒகாமி ஒவ்வொரு தட்டாக எடுத்துக் கொடுக்க, அப்பா சுண்டிக் கேட்டு வலப்பக்கமும் இடப்பக்கமும் பிரித்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் ஏழெட்டு கவிழ்ந்து கிடந்தன. ஒரு பெரிய தட்டில் மட்டும் இரண்டு பேருக்கும் சண்டை. அப்பா கவிழ்க்கிறார், ஒகாமி நிமிர்த்துகிறார், அப்பா மறுபடி கவிழ்க்கிறார். “கேக்குது பாரு, உள்ள கேக்குது” என்று தமிழில் அவரிடம் வாதாடினார். ஒகாமி ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லி, அது தன் மாமியார் வாங்கியது என்று என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். சொன்னேன். அப்பா யோசித்துவிட்டு, மாமியார் தட்டு என்றால் கவிழ்க்க வேண்டாம், சுவரில் மாட்டிக்கொள்ளச் சொல் என்றார். அதே வாக்கில் நான் ஐந்து வருடத்துக்குச் சம்மதம் என்பதையும் ஒகாமியிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த தட்டை எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிறு காலை கிளம்பினார்கள். இலை சிவக்கும் காலம், எல்லா அறைகளும் நிறைந்திருந்தன. நான் நாகோயா வரை போக முடியவில்லை. அன்றைய வேலையை உதவியாளரிடம் விட்டுவிட்டுச் சமையற்காரர் முன்வந்தார். அவரே விமான நிலையம் வரை கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிவிட்டார். வாசலுக்கு வந்தால், அப்பா முன்கூட்டியே இறங்கி வந்து, தன் செருப்பையும் அம்மாவின் செருப்பையும் தானே எடுத்து வெளியே பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். அம்மா கொண்டுவந்த முந்திரிப்பருப்புப் பொட்டலத்தை ஒகாமி கையில் கொடுத்து, வெறும் வாணலியில் வறுத்துச் சாப்பிடச் சொன்னாள். அப்பா என் நெற்றியில் சிலுவை போட்டார். ‘போயிட்டு வரோம்’ என்றார்கள். வண்டி வளைவில் மறையும்வரை நாங்கள் வரிசையாகக் குனிந்து நிற்க வேண்டும் என்பது விதி. நான் மட்டும் நிமிர்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஒகாமி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டார்.

பிறகு வேலை இருந்தது. மூன்று மணிக்கு அதே அறைக்கு அடுத்த விருந்தினர். ஜன்னலைத் திறந்தேன், மெத்தைகளை அலமாரியில் அடுக்கினேன், உறைகளை உருவி அழுக்கு மூட்டையில் போட்டேன். அம்மா மூன்று ராத்திரியும் மெத்தையை ஒதுக்கிவிட்டு, அறை வாசலோரமாகக் காற்று வரும் இடத்தில் வெறும் பாயில் தலை வைத்துத்தான் படுத்தாள். பாயை இழைப்போக்கில் இரண்டு தடவை துடைத்தேன். மாடத்தில் புதுப் பூ வைத்தேன். அறை தயார் என்று கீழே சொன்னேன்.

மூன்று மணிக்கு ஒசாகாவிலிருந்து ஒரு வயதான தம்பதி வந்தார்கள். அவர்களை உள்ளே உட்கார வைத்துவிட்டு, வாசலில் மண்டியிட்டு, உள்ளங்கைகளை ஊன்றிக் குனிந்தேன். நெற்றி பாயில் பட்டபோது, துடைத்தும் போகாமல், அம்மாவின் தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. நிமிர வேண்டிய நேரம் வந்தது, போனது. நான் அப்படியே இருந்தேன். அவர்கள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, பதிலுக்கு இன்னும் ஆழமாகக் குனிந்தார்கள்.